நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளி

மகளின் குரலை நான் முதன்முதலாக முழுதாகக் கேட்டபோது அவளுக்கு முப்பத்தொரு வயது.

அவள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே என் இரண்டு காதுகளும் மங்கத் தொடங்கிவிட்டன. அவள் பேசப் பழகப் பழக எனக்குக் கேட்பது குறைந்துகொண்டு வந்தது. அவளுடைய சொற்களில் பாதியை உதட்டிலிருந்தும் மீதியை ஊகத்திலிருந்தும் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும் அப்படித்தான். கலியாணமாகி அவள் நோர்வேக்குப் போனபின் அந்த உதடும் இல்லாமல் போயிற்று. வீடியோவில் முகம் தெரியும். ஆனால் உதடு ஒரு கணம் பிந்தி அசையும். சில வேளை வாய் திறந்தபடியே படம் உறைந்து நிற்கும். உறைந்த வாயைப் பார்த்துக்கொண்டு, அது என்ன சொல்லாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

காதுக்கருவி போட்டு ஏழெட்டு வருடமாகிறது. அதைப் போட்டபடி போனைக் காதில் வைத்தால் கருவி விசிலடிக்கும். கழற்றிவிட்டு வைத்தால் ஒன்றும் கேட்காது. ஆகவே எனக்கும் மகளுக்கும் இடையில் எழுத்துத்தான் இருந்தது. 'சாப்பிட்டீங்களா', 'சாப்பிட்டோம்', 'குளிரா', 'ஓம்'.

போன வருடம் அவள் ஒரு சின்னப் பெட்டி அனுப்பினாள். உள்ளே நெருப்புப்பெட்டியளவில் கறுப்பாக ஒரு கருவி. அதிலிருந்து கழுத்தில் போடும்படி ஒரு வளையம். போனில் வரும் குரல் கம்பியில்லாமல் அந்த வளையத்துக்கு வருமாம். வளையம் அதைக் காந்தமாக்கிக் காதுக்கருவிக்குக் கொடுக்குமாம். காதுக்கருவியின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், வெளிச் சத்தமெல்லாம் நின்றுவிடும். வளையம் தருவது மட்டும் கேட்கும். எல்லாவற்றையும் மருமகன் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினான். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. எழுத்து எறும்பளவு. மடித்தபடியே திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

"அம்மா, கேக்குதோ?"

அந்தக் குரல் இடப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோ வரவில்லை. தலையின் நடுவில், இரண்டு கண்களுக்கும் பின்னால் எங்கோ ஓரிடத்தில் பிறந்தது. அவள் மூச்சு எடுப்பது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. பின்னால் ஒரு கரண்டி பீங்கானில் பட்டது கேட்டது.

"உனக்குத் தடிமனோ பிள்ளை? குரல் கரகரக்குது."

"இல்லையம்மா. என்ர குரலே இப்பிடித்தான்" என்றாள்.

அதன்பிறகு சில மாதங்கள் நான் பாதி நித்திரையில் இருப்பவள் போலத் திரிந்தேன். மகள் வேலைக்குப் போகும் வழியில் கூப்பிடுவாள். நான் வளையத்தைப் போட்டுக்கொண்டு வீட்டு ஒழுங்கையில் நடப்பேன். எங்கள் ஒழுங்கை ஒரு முனையில் தலைமன்னார் வீதியைத் தொடும், மறுமுனையில் பனைகளுக்குள்ளால் கடலுக்குப் போகும். அவள் பனியில் நடப்பாள். அவளுடைய சப்பாத்தின் கீழ் பனி நெரிவது என் தலைக்குள் கேட்கும். கண்ணுக்கு முன்னால் வெள்ளை மணல் கிடக்கும். தெற்குக் கரையில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் மெல்லச் சுற்றும். கழுதைகள் இரண்டு வேலியோரம் நின்று ஒரே திசையைப் பார்க்கும். எதிலும் சத்தமில்லை. உலகம் முழுவதும் கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டது போலவும், நானும் மகளும் மட்டும் இந்தப் பக்கம் இருப்பது போலவும் இருக்கும். நான் எங்கே காலை வைக்கிறேன் என்பதே தெரியாது.

ஒருநாள் காலை அப்படி நடந்து, ஒழுங்கை முடிந்து, பெருவீதிக்கு ஏறியதும் தெரியாமல் நடுவீதிக்கு வந்துவிட்டேன். எதிர்க்கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தேன். அவர் என்னைக் கடந்து போய் எனக்குப் பின்னால் நின்றார். திரும்பிப் பார்த்தேன். நாலு முழத் தூரத்தில் மீன் லொறியின் முகம். சாரதியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மகள் என் தலைக்குள் பாண் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொத்தானை அழுத்தினேன். வீதியின் இரைச்சல் மொத்தமாக வந்து விழுந்தது.

"டீச்சர், அவன் ஹோன் அடிச்சுக்கொண்டே வந்தவன். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"மகளோட கதைச்சுக்கொண்டு வந்தனான் நானா."

"மகள் நோர்வேயிலயெல்லோ?"

"ஓம்."

அவர் நெற்றியைத் துடைத்தார். "அப்ப வீட்டில இருந்து கதையுங்கோ. ரோட்டில நடந்து நோர்வேக்குப் போகாதேங்கோ" என்றார்.

அன்றிலிருந்து முற்றத்து வேம்பின் கீழ் கதிரையில் இருந்துதான் பேசுவேன். வளையத்தைப் பற்றி நான் படித்துக்கொண்ட முதல் பாடம் அது. படிக்க வேண்டியது இன்னும் கிடக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் படகு எஞ்சின் திருத்துபவர். எஞ்சின்களுக்கு நடுவில் நிற்பவர்கள் கத்திக் கத்திப் பேசிப் பழகியிருப்பார்கள். இவர் அதற்கு மாறு. மெதுவாக, அடித்தொண்டையில் பேசுவார். அந்தக் குரலில் ஒரு சொல்கூட எனக்கு எட்டாது. கலியாணமாகி மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ, ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஹோலில் பாயைப் போட்டு அவர் படுத்திருந்தார். நான் அவருடைய நெஞ்சில் காதை வைத்தேன். அவர் ஏதோ சொன்னார். அது எலும்பு வழியாக எனக்குள் வந்தது. சொற்கள் எல்லாம் அப்படியே தெளிவாக, கிணற்றடியில் நின்று பேசுவது போலக் கேட்டன. "என்ன சொன்னனீங்கள், திரும்பச் சொல்லுங்கோ" என்றேன். "வெயில் கூடிப்போச்சு எண்டனான்" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுடைய முக்கியமான பேச்செல்லாம் மத்தியானத்தில், அந்தப் பாயில்தான். போரால் இடம்பெயர்ந்து மடுப்பக்கம் மரத்தின் கீழ் இருந்த நாட்களிலும் அப்படித்தான். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வீட்டுக்கு ஓடு போடுவதா தகடு போடுவதா, எல்லாவற்றையும் என் காது அவருடைய விலா எலும்பில் இருக்கும்போதுதான் முடிவெடுத்தோம். காதுக்கருவி வந்தபிறகும் அந்த வழக்கம் போகவில்லை. நெஞ்சில் அழுத்தினால் கருவி கீச்சிடும் என்பதால் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பேன்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை அவர் பட்டறையில் விழுந்துவிட்டார். எஞ்சின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். இதயம் மிக மெதுவாக அடிக்கிறது என்றார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், இடது தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். விரலால் தொட்டால் ஒரு சின்ன மேடு தெரியும். வீட்டுக்கு வரும்போது தாதி விளக்கமாகச் சொன்னார்: போனை இடது சட்டைப்பையில் வைக்க வேண்டாம், வலது காதில் வைத்துப் பேசுங்கள், காந்தம் கிட்ட வரக்கூடாது, ஓடுகிற எஞ்சினுக்கு மேலே குனியக்கூடாது. நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அப்போது என் கழுத்தில் அந்த வளையம் கிடந்தது. தாதியும் அதைக் காணவில்லை, நானும் அதை நினைக்கவில்லை. அது எனக்கு ஒரு பொருளாகவே தெரியாமல் போய்விட்டிருந்தது. ஜெபமாலை போல, தாலிக்கொடி போலக் கழுத்தில் கிடந்தது.

காயம் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். "வந்து படு. வலப்பக்கம் படுக்கலாம்."

படுத்தேன். காதுக்கருவியைக் கழற்றப் போன நேரம் மகளின் அழைப்பு வந்தது. பொத்தானை அழுத்தினேன். வெளிச் சத்தம் நின்றதால் நெஞ்சில் அழுத்தியும் கருவி கீச்சிடவில்லை. ஒருபோதும் நடக்காத ஒன்று அப்போது நடந்தது. மகள் தலைக்குள் பேசினாள். அதே நேரம் அவருடைய குரல் எலும்பு வழியாக வந்தது. அவள் ஏதோ கேட்பாள், அவர் வேறு ஏதோ சொல்வார், இரண்டும் என் தலைக்குள் சந்தித்துக்கொள்ளும். யன்னல் சீலை காற்றில் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. ஓட்டு இடுக்கால் வந்த வெயில் வட்டங்கள் சுவரில் நகர்ந்தன. அவர்கள் இருவரும் என்னைத் தங்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆழமில்லாத கடலில் மிதக்கவிடுவது போல இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மகள் வைத்தபிறகு நான் எழும்பினேன். அவர் எழும்பவில்லை.

"என்னப்பா?"

உதட்டைப் பார்த்தேன். "ஒண்டுமில்லை. தலை கொஞ்சம் சுத்துது" என்றார். தண்ணீர் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது. சித்திரை வெயில் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். பிறகு மூன்று நாலு மத்தியானம் அதே போலப் படுத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் வளையத்தின் சின்ன விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது. சார்ஜில் போட்டும் நிற்கவில்லை. பெட்டியைத் தேடி எடுத்து, அந்தச் சின்னப் புத்தகத்தை விரித்து, வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தேன். பழைய பள்ளிக்கூட ஆங்கிலம்; ஒவ்வொரு சொல்லாகப் போனேன். ஈரம் படவிடாதே. வெயிலில் வைக்காதே. சார்ஜில் இருக்கும்போது கழுத்தில் போடாதே. பிறகு ஒரு கட்டத்துக்குள் கறுப்பெழுத்தில் எழுதியிருந்தது. அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமே இருக்கவில்லை. பேஸ்மேக்கர் வைத்தவரின் நெஞ்சுக்குக் கிட்ட இந்தக் கருவியைக் கொண்டுபோகக்கூடாது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். அதே வரிதான்.

அவர் முற்றத்தில் இருந்தார். அவருடைய தம்பியார் ஒரு எஞ்சினை இயக்கிக் காட்ட, இவர் தள்ளிக் கதிரையில் இருந்து, கண்ணை மூடி, அதன் சத்தத்தைக் கேட்டு என்ன பழுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த நெஞ்சைப் பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தான் திறந்து கிடந்தது.

வளையத்தைக் கழற்றி பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில், சீலைகளுக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் அந்த மனிதனின் நெஞ்சில் அதைக் கொண்டுபோய் வைத்தேன் என்பதை எந்தச் சொல்லால் தொடங்குவது?

ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. மகள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. 'சிக்னல் இல்லை' என்று எழுதினேன். மத்தியானத்தில் தையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மெசினடியில் இருந்தேன். அவர் பாயில் தனியே படுத்துக் கூரையைப் பார்ப்பார். நான் தையல் மெசினின் மிதியில் காலை வைத்தபடி, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பேன். கடல்காற்று வீட்டுக்குள் புகுந்து போகும். எனக்கு அது வெறும் குளிர்ச்சியாகத்தான் தெரியும். எங்கள் வீடு தண்ணீருக்கடியில் போய்விட்டது போல இருந்தது.

பத்தாம் நாள் அவர் வந்து மெசினுக்கு முன்னால் நின்றார். நான் உதட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பிள்ளையோட கோவமோ?"

"இல்லை."

"அப்ப என்னோடயோ?"

"இல்லையப்பா."

"அப்ப ஏன் எனக்குக் கிட்ட வாறாயில்லை?"

எழும்பிப் போய்த் தகரத்தை எடுத்து வந்தேன். அவருக்குக் கொடுக்காமல் அறையின் மறுமூலையில் மேசையில் வைத்தேன். புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்து அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் பேஸ்மேக்கர் என்ற சொல்லை ஆஸ்பத்திரி அட்டையில் பார்த்துப் பழகியிருந்தார். அதில் விரலை வைத்தார்.

"இது உங்கட நெஞ்சுக்குக் கிட்ட வரக்கூடாதாம்" என்றேன். "நான் அதைக் கழுத்தில போட்டுக்கொண்டு உங்கட நெஞ்சில படுத்தனான். அண்டைக்குத் தலை சுத்தினது அதாலதான்."

அவர் நெடுநேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அதாலயோ வெயிலாலயோ ஆருக்குத் தெரியும்" என்றார். "நீயே வழக்கும் வச்சு நீயே தீர்ப்பும் சொல்லாதை. வாற கிழமை கிளினிக். போய்க் கேப்பம்."

யாழ்ப்பாணத்துக்கு விடியக்காலை பஸ் ஏறினோம். வளையத்தைத் தகரத்தோடு பையின் அடியில் வைத்திருந்தேன். அவரோடு ஒரே இருக்கையில் இருக்கப் பயந்து, இரண்டு இருக்கை பின்னால் போய் இருந்தேன். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் தாம்போதியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் பால்நிறமாகக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் இளஞ்சிவப்பாகப் பறவைக் கூட்டம் நின்றது. அவர் அடிக்கடி திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்த்தார். இலுப்பைக்கடவை தாண்டும்போது ஒரு வாழைப்பழத்தைப் பின்னால் கைமாற்றி அனுப்பினார். நடுவில் இருந்த அம்மாள் அதை வாங்கித் தந்துவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சண்டை என்று நினைத்திருப்பார்.

கிளினிக்கில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், அவருடைய தோளுக்குக் கீழே வயர் பூட்டிய வட்டத் தட்டை ஒன்றை வைத்துக் கணினியைப் பார்த்தாள். நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கதவடியிலேயே நின்றேன். அவள் கையால் கூப்பிட்டாள். நான் வரவில்லை. அவள் எழும்பி வந்தாள். என் காதுகளைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுப் பேசினாள்.

"என்னம்மா அதுக்குள்ள?"

சொன்னேன். அழாமல் சொல்லி முடித்தேன் என்று நினைக்கிறேன். அவள் தகரத்தைத் திறந்து வளையத்தைப் பார்த்தாள், புத்தகத்தை வாசித்தாள், திரும்பக் கணினிக்குப் போய் எதையோ தேடினாள்.

"அம்மா, இதில காந்தம் வேலை செய்யுது. நல்லாக் கிட்டக் கொண்டுபோனால் பேஸ்மேக்கர் அந்த நேரம் மட்டும் தன்ர பாட்டில ஒரே கணக்கில அடிக்கத் தொடங்கும். எடுத்தால் பழையபடி வந்திடும். உள்ளுக்க இருக்கிற மெசினுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஐயாவின்ர பதிவிலயும் பெரிசா ஒண்டும் இல்லை."

"அப்ப அண்டைக்குத் தலை சுத்தினது?"

"அது எதால எண்டு என்னால சொல்லேலாது. தெரியாததைத் தெரியுமெண்டு சொல்லக்கூடாதெல்லோ." பிறகு தகரத்தை மேசையில் தள்ளி வைத்துவிட்டு என்னை அவரிடம் கூட்டிப்போய், என் கையைப் பிடித்து விரல்களை விரித்து, அவருடைய நெஞ்சுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் வைத்தாள். கட்டைவிரல் அந்த மேட்டில் பட்டது. சுண்டுவிரல் என் பக்கம் நின்றது. "இந்த ஒரு சாண். இதைவிடக் கிட்ட வரவிடாதேங்கோ, நிப்பாட்டி வச்சிருந்தாலும் வரவிடாதேங்கோ. சட்டைப்பையில வைக்கக்கூடாது. படுக்கேக்க வளையத்தையும் காதுக்கருவியையும் கழட்டித் தள்ளி வச்சிட்டுப் படுங்கோ. மற்றும்படி ரெண்டு பேரும் ஒரு வீட்டில இருக்கலாம்."

அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "பஸ்ஸிலயும் ஒரு சீற்றில இருக்கலாமோ எண்டு கேள்" என்றார். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த வாங்கில் போய் இருந்து, எங்கள் ஊரிலிருந்து அடக்கி வந்ததை அங்கே அழுது முடித்தேன்.

திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தேன். பை என்னுடைய மறுபக்க மடியில்.

அன்று பின்னேரம் புத்தகத்தில் இருந்தபடி வளையத்தின் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சிவப்பு விளக்கு நின்றது; மகளைக் கூப்பிட்டேன். இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. மூச்சை மட்டும் விட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். தானே அனுப்பியது, தானே புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும் என்றாள். அந்த அழுகையும் தலைக்குள்ளேயே நடந்தது. அதை எங்கே தள்ளி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வேம்பின் கீழ் இரண்டு கதிரை. நடுவில் ஒரு சின்ன மேசை. மேசை இருந்தால் மறந்தும் சாய மாட்டேன் என்று அவர்தான் கொண்டுவந்து போட்டார். மகளின் குரல் எனக்கு மட்டும் கேட்கும். போனைத் தருகிறேன், வலது காதில் வைத்து நீங்களே பேசுங்கள் என்று முதல் நாள் சொன்னேன்.

"வேண்டாம். நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

அவள் சொல்லச் சொல்ல நான் சொல்வேன். இன்றைக்குப் பஸ் பிந்திவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரி பூனை வளர்க்கிறாளாம். அங்கே திரும்பப் பனிக்காலம் வந்து ஆறு உறைந்துவிட்டதாம், பிள்ளைகள் அதற்கு மேல் நடக்கிறார்களாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் சத்தம் கேட்பது போலக் கேட்பார். சில வேளை நான் கொஞ்சம் முந்திவிடுவேன். அவள் சொல்லி முடிக்கும் முன் சொல்லிவிடுவேன். சில வேளை அவள் மூச்செடுக்கும் இடத்தில் நானும் மூச்செடுப்பேன்.

ஒருநாள் அவர் கண்ணைத் திறந்து மேசையில் விரலால் தட்டினார். நான் அவருடைய உதட்டைப் பார்த்தேன்.

"நீ சொல்லேக்க உன்ர குரலும் கரகரக்குது" என்றார். "பிள்ளைதான் முன்னால இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

அப்பா என்ன சொன்னார் என்று மகள் கேட்டாள். நான் சொன்னேன். அவள் நடந்துகொண்டிருந்தாள். காலுக்குக் கீழே பனி நெரிந்தது. அதையும் அவருக்குச் சொல்ல நினைத்தேன். அதற்கு என்ன சொல் என்று தெரியாமல், மணலில் என் செருப்பை மெல்லத் தேய்த்துக் காட்டினேன்.